வாவிக்கரைப் பிள்ளைகளின் வயிற்றோட்டமும் ரோட்டா வைரஸின் வகைக் கணக்கும்

இலங்கையில் ஒரு பிள்ளைக்கு இரத்தமும் சளியுமாக வயிற்றால் போனால் அது அறிவிக்கப்பட வேண்டிய நோய். வைத்தியர் படிவம் நிரப்பி அந்தப் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அனுப்புவார். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீடு தேடி வருவார். கொழும்பிலுள்ள தொற்றுநோயியல் பிரிவின் வாராந்த அறிக்கையில், மட்டக்களப்பு மாவட்டத்தின் வரிசையில், வயிற்றுளைவுக்கு உரிய கட்டத்தில் ஓர் எண் கூடும். நெருப்புக்காய்ச்சலுக்கு ஒரு கட்டம் உண்டு, உணவு நஞ்சாதலுக்கும் உண்டு. ஆனால் ஒரு வயதுப் பிள்ளை விடியப்புறம் தொடங்கி எட்டுத் தரம் தண்ணீராய்ப் போய், சத்தியெடுத்து, கண் குழிவிழுந்து, சேலைன் ஏற்றும் நிலைக்கு வந்து சேர்ந்தால் அதற்கென்று அந்த அட்டவணையில் கட்டம் இல்லை. வாட்டுப் பதிவேட்டில் ‘வயிற்றோட்டம்’ என்ற ஒற்றைச் சொல்லோடு அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய்விடும்.

அந்தச் சொல்லுக்குள் பல கிருமிகள் இருக்கலாம். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைப் பொறுத்தவரை, கடுமையான வயிற்றோட்டத்துக்கு உலகெங்கும் முதற்காரணமாக நீண்டகாலம் இருந்துவருவது ரோட்டா வைரஸ். 2000ஆம் ஆண்டில் இந்த ஒரு வைரஸால் மட்டும் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் இறந்ததாக மதிப்பீடு உண்டு. 2013இல் அது ஏறத்தாழ 2,15,000 ஆகக் குறைந்தது; அதில் 47,000 அளவில் இந்தியாவில். இலங்கையின் நிலை வேறு. பிள்ளை இறப்பு தெற்காசியாவிலேயே மிகக் குறைந்த நாடுகளில் ஒன்று இது. இங்கே ரோட்டா வைரஸ் உயிரைக் குடிப்பது அரிது. நிரம்பி வழியும் சிறுவர் வாட்டிலும், கூலி வேலையை விட்டுவிட்டு மூன்று நாள் கட்டிலோரம் நிற்கும் தகப்பனிடத்திலும், வீட்டில் தனித்துவிடப்பட்ட மூத்த பிள்ளைகளிடத்திலும்தான் அதன் சுமை தெரியும். இறப்புக் கணக்கில் தெரியாத நோய் என்பதாலேயே இதைத் தேடிப்போய் எண்ண வேண்டியிருக்கிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கு அதன் வயிற்றில் இருப்பது எந்த வகை ரோட்டா என்று தெரிய வேண்டிய அவசியமே இல்லை. ஒரு பக்கற் ‘ஜீவனி’யை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைத்து, கரண்டி கரண்டியாக, சத்தியெடுத்தாலும் பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் கொடுப்பதுதான் மருந்து. துத்தநாகம், தாய்ப்பால், கஞ்சி. அது போதாதபோது சேலைன். 1971இல் வங்கப் போர் அகதிகள் நிறைந்திருந்த பொங்காவ் முகாமில் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் பீப்பாய்களில் வைத்துக் கொடுத்து வாந்திபேதி மரணங்களைப் பன்மடங்கு குறைத்துக் காட்டிய நாளிலிருந்து இதுதான் வழி. வைரஸின் வகையைத் தேடுவது அந்தப் பிள்ளைக்காக அல்ல. அடுத்த ஆண்டு, அதற்கடுத்த ஆண்டு பிறக்கப்போகும் பிள்ளைகளுக்காக. தடுப்பு மருந்து பற்றிய முடிவு வரும்போது அந்தத் தேடல் ஏற்கெனவே நடந்திருக்க வேண்டும். வந்தபின் தொடங்கினால் அதற்குப் பாதிப் பயன்தான் என்பதே இந்தக் கட்டுரை சொல்ல வருவது.

1973இல் மெல்பேர்ண் சிறுவர் வைத்தியசாலையில் ரூத் பிஷப்பும் அவருடன் பணியாற்றியவர்களும், வயிற்றோட்டத்தால் வாடிய பிள்ளைகளின் முன்சிறுகுடலிலிருந்து எடுத்த சிறு திசுத் துண்டை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது இந்த வைரஸைக் கண்டார்கள். சில்லுப் போன்ற வட்ட வடிவம் இருந்ததால் பேமிங்ஹாமில் தோமஸ் ஃபிளெவெற் சக்கரத்துக்கான இலத்தீன் சொல்லை அதற்குப் பெயராக முன்வைத்தார். நோயுற்ற பிள்ளையின் ஒரு கிராம் மலத்தில் ஆயிரம் கோடியும் அதற்கு மேலும் வைரஸ் துகள்கள் வெளியேறும். இன்னொரு பிள்ளையைத் தொற்ற நூற்றுக்கும் குறைவான துகள்கள் போதும். கையில் மணிக்கணக்கிலும் தரையிலும் விளையாட்டுப் பொருளிலும் நாட்கணக்கிலும் அது பிழைத்திருக்கும்.

பிள்ளை ஆறு மாதம் தாண்டித் தவழத் தொடங்கும் வயதில்தான் நோய் கடுமையாக வருகிறது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி கரையும் காலமும், கண்டதை எல்லாம் வாயில் வைக்கும் காலமும், பல்லு முளைக்கும் காலமும் ஒன்றாய் வந்து விழுகின்றன. அதனால்தான் “பல்லு முளைக்குது, அதுதான் வயித்தால போகுது” என்று அம்மம்மாமார் சொல்லக் கேட்கிறோம். அவர்கள் பார்த்த ஒற்றுமை உண்மை; காரணம்தான் வேறு. பல்லுக்கென்று பொறுத்திருந்து, நீரிழப்பு முற்றிய பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவதில்தான் ஆபத்து இருக்கிறது.

வகை என்றால் என்ன? ரோட்டா வைரஸின் மரபுப்பொருள் ஒரே இழையாக இல்லை. பதினொரு தனித்தனி ஆர்என்ஏ துண்டுகளாக இருக்கிறது. மூன்று உறைகளுக்குள் அவை அடங்கியுள்ளன. வெளியுறையில் இரண்டு புரதங்கள்: உறையாகப் படர்ந்த விபி7, முள்ளாக நீட்டி நிற்கும் விபி4. முதலாவதின் மரபணுவை வைத்து ‘ஜி’ எண்ணும், இரண்டாவதின் மரபணுவை வைத்து ‘பி’ எண்ணும் தருகிறார்கள். ஜி1பி[8], ஜி2பி[4], ஜி3பி[8], ஜி9பி[8], ஜி12பி[8] என்று ஆய்வுக்கூடங்கள் எழுதுவது இந்த முகவரியைத்தான். உட்பக்கத்து விபி6 புரதம் பிள்ளைகளைத் தாக்கும் ‘ஏ’ குழு ரோட்டா வைரஸ்கள் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றே என்பதால், எலைசா பரிசோதனையில் குழிகள் மஞ்சளாக மாறுவது அதை வைத்துத்தான். எலைசா ‘ரோட்டா உண்டு’ என்று சொல்லும். எந்த ரோட்டா என்று சொல்லாது. அதற்கு பிசிஆர் வேண்டும்.

பிசிஆருக்கு முந்திய முறை ஒன்று உண்டு. இன்றும் அதை மதிக்கிறேன். மலத்திலிருந்து ஆர்என்ஏயைப் பிரித்தெடுத்துப் பொலிஅக்ரிலமைட் ஜெல் தகட்டில் விட்டு, இரவு முழுக்க மின்னோட்டம் கொடுத்து, விடிந்ததும் வெள்ளி நைத்திரேற்றில் தோய்த்தால் பதினொரு கோடுகள் கபில நிறத்தில் மேலிருந்து கீழாகத் தெளியும். பெரிய துண்டுகள் மேலே நிற்கும், சிறியவை அடிக்கு ஓடும். நெடிய அமைப்பு, குறுகிய அமைப்பு என்று இரண்டு தோற்றங்கள். ஜி1பி[8] போன்றவற்றில் பதினொராவது துண்டு அடிவரை ஓடிவிடும். ஜி2பி[4] வகையில் அதே துண்டு நீளமாக இருப்பதால் பிந்தி, பத்தாவதுக்கு மேலே தங்கிவிடும். கண்ணால் பார்த்தே வேறுபாடு சொல்லலாம்.

இந்தப் பழைய தகடு அண்மையில் ஒரு பெரிய உதவி செய்தது. 2012இல் ஜப்பானில் எடுத்த மாதிரிகளில், முகவரி ஜி1பி[8] என்று பிசிஆர் சொல்ல, ஜெல் தகடு மட்டும் குறுகிய அமைப்பைக் காட்டியது. முழு மரபணுத்தொகுதியையும் வாசித்தபோது வெளியுறை மட்டும் பழக்கமான ஜி1பி[8] என்றும், உள்ளே இருந்த மற்றத் துண்டுகள் ஜி2பி[4] வகையினுடையவை என்றும் தெரிந்தது. இரண்டு ரோட்டாக்கள் ஒரே பிள்ளையின் குடலணுவுக்குள் ஒரே நேரத்தில் புகும்போது, வெளிவரும் சந்ததிக்குள் இரண்டினதும் துண்டுகள் கலந்து போய்விடும். அதன் விளைவு இது. 2013 அளவில் குதிரையின் ரோட்டாவை ஒத்த ஜி3 வெளியுறையோடு அதே போன்ற உள்ளமைப்புள்ள இன்னொரு கலப்பு வகை வந்து, ஆசியா, அவுஸ்திரேலியா, ஐரோப்பா, தென்னமெரிக்கா என்று பரவியது. ஜி, பி என்ற இரண்டு எண்களோடு நிறுத்திக்கொண்ட கண்காணிப்புகளுக்கு அது வழக்கமான ஜி3பி[8] ஆகவே தெரிந்திருக்கும். 2008இலிருந்து பதினொரு துண்டுகளுக்கும் தனித்தனி எண் கொடுக்கும் வகைப்பாடு இருப்பதன் தேவை இங்கேதான் விளங்குகிறது.

இலங்கையில் இந்தத் தேடல் புதிது அல்ல. ஆசிய ரோட்டா வைரஸ் கண்காணிப்பு வலையமைப்போடு கொழும்பில் சிறுவர் வைத்தியசாலைக் கண்காணிப்பு நடந்தது. அதன் நோய்ச்சுமை மதிப்பீடு 2009இல் வெளியானது. இலங்கை ஆய்வாளர்கள் ஜப்பானிய ஆய்வுக்கூடத்தோடு சேர்ந்து செய்த வகை ஆய்வு 2010இல் ‘ஆர்க்கைவ்ஸ் ஒஃப் வைரொலொஜி’ இதழில் வந்தது. புதிதாய்த் தலையெடுக்கும் பல வகைகள் ஒரே காலத்தில் நாட்டில் உலவுவதையே அந்தக் கட்டுரை தலைப்பிலேயே சொன்னது. ஜி12 போன்ற ஒரு வகை 1987இல் பிலிப்பைன்ஸில் ஒரு பிள்ளையிடம் முதலில் காணப்பட்டு, பத்தாண்டுக்கு மேல் பெயரே கேட்காமல் இருந்து, பிறகு கண்டம் கண்டமாகப் பரவியது. இப்படி மாறிக்கொண்டிருக்கும் ஒன்றை ஒரு முறை எடுத்த படம் பிடித்துவைக்காது. எந்த ஊரில் செய்த ஓராண்டு ஆய்வுக்கும் இது பொருந்தும்.

கொழும்பின் கணக்கை மட்டக்களப்பின் மேல் ஒட்டவும் முடியாது. கொழும்பு தென்மேற்குப் பருவமழையில் நனையும் ஊர். இங்கே மழையின் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டித் தீர்க்கிறது. மற்ற மாதங்களில் காய்கிறது. ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கும் வாவி மாவட்டத்தை இரண்டாக வகுக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே எழுவான்கரை: காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி என்று வீட்டுச் சுவரோடு வீட்டுச் சுவர் உரசும் மணற்பாங்கான ஒடுங்கிய நிலம். மறுபுறம் படுவான்கரை: வயலும் குளமும் மாட்டுப்பட்டியும், ஊருக்கும் ஊருக்கும் நீண்ட தூரமும். எழுவான்கரை மணலில் பத்தடி தோண்டினால் நன்னீர் வரும். அதே வளவில் மலக்குழியும் இருக்கும். மாரியில் நிலத்தடி நீர் மட்டம் மேலேறும்போது இரண்டுக்கும் உள்ள இடைவெளி குறையும். வெள்ளம் மிஞ்சினால் முகத்துவாரம் வெட்டி வாவி நீரைக் கடலுக்கு விடுவார்கள். 2011 ஜனவரியில் கிழக்கை மூழ்கடித்த வெள்ளத்தில் பள்ளிக்கூடங்கள் நலன்புரி நிலையங்களானபோது, ஒரே மண்டபத்தில் எத்தனை தாய்மார் பால்குடிப் பிள்ளைகளோடு படுத்திருந்தார்கள் என்பதை இந்த மாவட்டம் மறக்கவில்லை.

ஆனாலும் கிணற்றைக் கைகாட்டிவிட்டு ஒதுங்குவது பிழை. ரோட்டா வைரஸ், வாந்திபேதி போலத் தண்ணீரால் மட்டும் பிழைக்கும் நோய் அல்ல. குழாய்நீரும் மூடிய கழிவுக்கால்வாயும் உள்ள அமெரிக்காவிலும், தடுப்பு மருந்துக்கு முன், ஐந்து வயதுக்குள் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் இதைச் சந்தித்திருந்தார்கள். உன்னிச்சைக் குளத்து நீர் சுத்திகரிக்கப்பட்டுக் குழாயில் வருவது பெரும் நன்மை. வயிற்றுளைவையும் நெருப்புக்காய்ச்சலையும் அது குறைக்கும். ரோட்டாவை அது தனியே நிறுத்தாது. பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்றதும் தாயின் துப்புரவில் குறை காண்பது நம் வாட்டுகளிலும் வீடுகளிலும் இன்னும் நடக்கிறது. அது விஞ்ஞானமும் அல்ல, நியாயமும் அல்ல.

வாவிக்கரைக்கென்று தனியாகப் பார்க்கத் தூண்டும் காரணம் வேறொன்று: மனிதரும் கால்நடையும் ஒரே முற்றத்தில் வாழ்வது. இதற்கான பாடத்தை வேலூர் சொல்லும். அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பிறந்த குழந்தைகளிடையே ஜி10பி[11] என்ற வகை நிலைகொண்டிருந்தது. மாட்டு ரோட்டாவின் சாயல் கொண்டது அது. டெல்லியில் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் 1980களின் நடுவில், நோய்க்குறி இல்லாத பச்சிளங்குழந்தைகளிடம் கண்ட 116இ என்ற ஜி9பி[11] வகையிலும் மாட்டு மரபணுத் துண்டு ஒன்று இருந்தது. இந்த 116இயைத்தான் எம்.கே. பான் உள்ளிட்டவர்கள் பல ஆண்டுகள் உழைத்து ‘ரோட்டாவாக்’ என்ற சொட்டு மருந்தாக்கினார்கள். எந்த வகை எந்தப் பிள்ளையிடம், எந்த மாதத்தில் என்று யாரோ பொறுமையாக எழுதிவைத்ததால்தான் நோய் தராத ஒரு ரோட்டா அங்கே உலவுவது தெரியவந்தது.

வேலூர் சேரிப்பகுதிகளில் 2002இலிருந்து 373 குழந்தைகளைப் பிறந்த நாள் முதல் மூன்று வயதுவரை ககன்தீப் காங்கின் குழு தொடர்ந்து பார்த்தது. 2011இல் ‘நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒஃப் மெடிசின்’ இதழில் வந்த அதன் முடிவு தடுப்பு மருந்து பற்றிய எதிர்பார்ப்புகளை மாற்றியது. 1996இல் வெளியான மெக்சிக்கோ ஆய்வில், இருமுறை இயற்கையாகத் தொற்றிய பிள்ளைகளுக்குக் கடுமையான நோய் வரவேயில்லை. வேலூரில் மூன்று தொற்றுக்குப் பிறகும் பாதுகாப்பு 79 சதவீதம்தான். ஆறு மாதத்துக்குள்ளேயே பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் தொற்றிவிட்டார்கள். இன்னொன்றும் தெரிந்தது: ஒரு வகை ஒருமுறை வந்தால் அதே வகைக்கு எதிராகத் தனிப் பாதுகாப்புக் கிடைக்கும் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஏன் ஒரே வைரஸ் ஓரிடத்தில் இரண்டு தடவையில் அடங்குகிறது, இன்னோரிடத்தில் மூன்றிலும் அடங்குவதில்லை? தாயின் எதிர்ப்புச் சக்தி, குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் கிருமிகள், ஊட்டக்குறை என்று பல காரணங்கள் பேசப்படுகின்றன. பிள்ளையின் பரம்பரையும் ஒன்று. பி[8] வகையின் முள், குடற்சுவரில் இருக்கும் ஒருவகைச் சர்க்கரைத் தொடரைப் பற்றிக்கொண்டு ஏறுகிறது. அந்தத் தொடர் சுரக்காத பிள்ளைகளிடம் அது எளிதில் ஏறாது. ஆகவே எந்த ‘பி’ எண் ஓரிடத்தில் ஓங்கியிருக்கிறது என்பது வைரஸைப் பற்றிய செய்தி மட்டுமல்ல, அங்கு வாழும் மக்களின் குருதி வழியைப் பற்றிய செய்தியும்கூட.

டெல்லி, பூனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் சோதிக்கப்பட்ட ரோட்டாவாக், கடுமையான ரோட்டா வயிற்றோட்டத்தை ஏறத்தாழ 55 சதவீதம் தடுத்தது. 2016இல் இந்தியாவின் நான்கு மாநிலங்களில் அரசுத் திட்டத்தில் சேர்ந்தது. 2017இல் தமிழ்நாடும் ரோட்டா தடுப்பு மருந்தைத் தொடங்கியது. உலக சுகாதார நிறுவனம் எல்லா நாடுகளுக்கும் இந்தத் தடுப்பு மருந்தைப் பரிந்துரைத்தது 2009இலேயே. இலங்கையின் தேசிய அட்டவணையில் அதற்கு இன்னும் இடம் இல்லை. தனியார் வைத்தியசாலையில் காசு கொடுத்துப் போடலாம். காசுள்ள வீட்டுப் பிள்ளை பாதுகாப்புப் பெற, படுவான்கரையில் வயற்கூலியின் பிள்ளை பெறாது போவது, இலவச சுகாதாரத்தைப் பெருமையாகச் சொல்லும் ஒரு நாட்டில் நீடிக்கக் கூடாத நிலை.

அட்டவணையில் சேரும் நாள் வரும். அன்று எழப்போகும் கேள்விக்கு பிரேசில் முன்னுதாரணம். 2006 மார்ச்சில் ஜி1பி[8] வகையை மட்டும் கொண்ட ‘ரோட்டாறிக்ஸ்’ மருந்தை அந்நாடு தொடங்கியது. சில மாதங்களில் வாட்டுகளில் ஜி2பி[4] மேலோங்கியது. தடுப்பு மருந்துதான் இன்னொரு வகைக்கு வழிவிட்டதோ என்ற அச்சம் பரவியது. மருந்து தொடங்காத பரகுவேயிலும் ஆர்ஜென்ரீனாவிலும் அதே காலத்தில் அதே வகை கூடியிருந்ததைக் கண்காணிப்புக் கணக்குகள் காட்டிய பிறகுதான், இயற்கையான ஏற்றத்தாழ்வுக்கும் அதில் பங்கு உண்டு என்று தெரிந்தது. அயல்நாட்டில் யாரோ எழுதிவைத்திருந்த கணக்கு பிரேசிலுக்கு உதவியது. இந்தியாவிலும் தடுப்பு மருந்து பரவிய அதே ஆண்டுகளில் ஜி1பி[8] இறங்கி ஜி3பி[8] ஏறியது. அந்த ஏற்றம் மருந்துக்கு முன்பே தொடங்கியிருந்தது. பாக்கு நீரிணைக்கு அப்பால் மருந்து பெறும் கோடிக்கணக்கான பிள்ளைகள். இப்பால் பெறாத பிள்ளைகள். இந்த வேறுபாடு எவரும் திட்டமிட்டதல்ல. ஆனால் இருக்கும் வரை அதை எண்ணிவைப்பது இரு கரைக்கும் பயன்படும். எனக்கு இது மிக முக்கியமாகப் படுகிறது: வாவிக்கரையின் கணக்கு வாவிக்கரைக்கு மட்டும் உரியதாக இராது.

இதைச் செய்ய விண்வெளி நுட்பம் வேண்டாம். ஐந்து வயதுக்குக் குறைந்து, ஏழு நாளுக்குட்பட்ட வயிற்றோட்டத்தோடு அனுமதிக்கப்படும் பிள்ளைகள். அனுமதித்து 48 மணி நேரத்துக்குள் மாதிரி. அதற்குப் பிந்தினால் வாட்டுக்குள்ளேயே தொற்றிய ரோட்டாவை வீட்டிலிருந்து வந்ததாக எழுதிவிடுவோம். ஏட்டில் சுலபமாகத் தெரியும் இந்த வேலை கட்டிலோரத்தில் சிக்கலாகிறது. தண்ணீராய்ப் போவதை பம்பர்ஸ் உறிஞ்சிவிடும்; சுரண்டி எடுக்க ஒன்றும் மிஞ்சாது. பழக்கமுள்ள தாதி பம்பர்ஸைப் புறம் திருப்பி, பிளாஸ்ரிக் பக்கம் உள்ளே வரக் கட்டுவார். “தங்கச்சி, இதக் கழட்டிராதீங்க, போனதும் என்னக் கூப்பிடுங்க” என்று தாயிடம் சொல்லிவிட்டுப் போவார். இரவு இரண்டு மணிக்கு அந்தத் தாய் கூப்பிடுவாரா, கூப்பிட்டால் வர ஒருவர் இருப்பாரா என்பதில்தான் ஒரு மாதிரி கிடைப்பதும் கிடைக்காமற் போவதும் தங்கியிருக்கிறது. மிகக் கடுமையாக நோயுற்ற பிள்ளைகளின் மலமே அதிகம் நீராய்ப் போவதால், தவறவிடுவதும் அவர்களுடையதையே.

மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையும், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞானங்கள் பீடமும் ஒரே நகரில் இருக்கின்றன. தென்கிழக்காசியப் பிராந்தியத்துக்கான உலக சுகாதார நிறுவனத்தின் ரோட்டா மேற்கோள் ஆய்வுக்கூடம் வேலூரில். எலைசா இங்கே, வகை பிரித்தல் இங்கே, ஐயத்துக்குரியவை அங்கே என்று வேலையைப் பகிரலாம். ஒவ்வொரு மாதிரியோடும் பிள்ளையின் வயதை மாதத்திலும், நோயின் கடுமையை வெசிக்காரி புள்ளியிலும் எழுத வேண்டும். எழுவான்கரையா படுவான்கரையா, கிணறா குழாயா, முற்றத்தில் மாடு ஆடு உண்டா, தனியாரிடம் ரோட்டா மருந்து போட்டதா என்பவையும் வேண்டும். பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டைப் பார்த்தால் கடைசிக் கேள்விக்கு விடை கிடைக்கும். மாரி, கோடை இரண்டும் பலமுறை வந்துபோகும்படி, குறைந்தது மூன்று ஆண்டு தொடர வேண்டும். மருந்து வந்த பிறகும் நிறுத்தக் கூடாது.

ஒவ்வொரு மாதிரியிலும் ஒரு பகுதியை மறை 70 பாகைக்குக் கீழே ஆழ்குளிரில் எடுத்துவைப்பதும் அவசியம். குதிரைச் சாயல் கொண்ட ஜி3பி[8] என்னவென்று தெரிந்த பிறகு பல நாடுகளில் பழைய மாதிரிகளை மீண்டும் வெளியே எடுத்து வாசித்தார்கள். எடுத்துவைத்தவர்களால்தான் அது முடிந்தது. 2022இல் நாள் ஒன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்சாரம் நின்ற நாடு இது. ஆகையால் இந்தத் திட்டத்துக்கு வரவுசெலவு போடும்போது பிசிஆர் இரசாயனங்களின் விலைக்கு முன்னால், குளிரூட்டிக்கு ஒரு ஜெனரேற்றரும் அதற்கு ஓராண்டு டீசலும் எழுத வேண்டும்.